பிள்ளையோட நோட்டையும் கொண்டு வாங்க: வாசகர் கேள்விகளுக்கு ஒரு கல்வி உளவியலாளரோட பதில்கள்

போன இதழ்ல "ஸ்கூல்ல சைக்காலஜிஸ்ட்கிட்ட காட்டச் சொன்னா பயந்துடாதீங்க"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அதுக்கு வந்த லெட்டரும் வாட்ஸ்அப் மெசேஜும் இன்னும் படிச்சு முடியல. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேத்து ஏழு கேள்வியா ஆக்கியிருக்கேன். பேர் போடல, ஊர் மட்டும்தான்.

கும்பகோணத்துல இருந்து ஒரு அம்மா: என் பையன் நாலாங்கிளாஸ், வயசு ஒம்பது. வாயால கேட்டா எல்லாத்துக்கும் டக்குனு பதில் சொல்லுவான், தாத்தாவோட மளிகைக் கடையில பாக்கிச் சில்லறை கணக்கு கூட அவன்தான். ஆனா நோட்டை எடுத்து எழுதுடான்னா வயிறு வலிக்குதுங்கிறான். மிஸ் கூப்பிட்டு, எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட்கிட்ட ஒரு அசெஸ்மெண்ட் பண்ணிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. என் மாமியார் "நம்ம வம்சத்துல யாருக்கும் பைத்தியம் கிடையாது"ன்னு ஒரே சத்தம். அங்க போனா பிள்ளையை என்ன பண்ணுவாங்க? மருந்து மாத்திரை உண்டா?

மருந்தும் கிடையாது, ஊசியும் கிடையாது, எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட், அதாவது கல்வி உளவியலாளருங்க எங்களுக்கு மருந்து எழுதுற அதிகாரமே இல்ல. இதை முதல்ல உங்க அத்தைகிட்ட சொல்லிடுங்க, பாதி சத்தம் அடங்கிடும்.

நீங்க வந்தா முதல் ஒரு மணி நேரம் உங்ககூடதான் பேசுவோம். எப்போ பேச ஆரம்பிச்சான், சின்ன வயசுல அடிக்கடி காதுல சீழ் வந்துச்சா, ஸ்கூல் மாறினானா, மீடியம் மாறிச்சா, வீட்டுல வேற யாராவது லேட்டா படிக்கக் கத்துக்கிட்டாங்களான்னு கேப்போம். இந்தக் கடைசிக் கேள்விக்கு பல வீட்டுல அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டு மெதுவா "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு மேடம்"னு சொல்லுவார், அதுவரைக்கும் பொண்டாட்டிக்கே தெரியாம இருந்திருக்கும். படிக்கிறதுல வர்ற இந்த மாதிரி சிரமம் குடும்பத்துல தொடர்ந்து வரக்கூடியது, அதனாலதான் கேக்குறோம்.

வரும்போது ரேங்க் கார்டை விட நோட்டுகளைக் கொண்டு வாங்க, ரஃப் நோட்டு இருந்தா இன்னும் நல்லது. வர்றதுக்கு முன்னாடி கண் டெஸ்டும் காது டெஸ்டும் எடுத்துடுங்க. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, அமெரிக்காவுல பென்சில்வேனியா யுனிவர்சிட்டியில லைட்னர் விட்மர்னு ஒருத்தர் 1896ல உலகத்துலயே முதல் உளவியல் கிளினிக்கைத் தொடங்கினார், அவர்கிட்ட வந்த முதல் கேஸே ஸ்பெல்லிங் சுத்தமா வராத ஒரு பையன்தான், ஒரு டீச்சர் கூட்டிட்டு வந்தாங்க, பாத்தா பையனுக்குக் கண்ணுல கோளாறு இருந்திருக்கு, கண்ணாடி போட்டு அதுக்கு மேல தனியா பாடமும் சொல்லிக் குடுத்திருக்கார். அந்தக் கதை நடந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னிக்கும் கண் டெஸ்ட் எடுக்காமலே "படிக்க மாட்டேங்கிறான்"னு கூட்டிட்டு வர்றாங்க.

அப்புறம் பிள்ளைகூட ரெண்டு மூணு தடவை உக்காருவோம். கட்டை வச்சு படத்துல இருக்கிற டிசைனைச் செய்யச் சொல்றது, சொன்ன நம்பரைத் திருப்பி பின்னாடியிருந்து சொல்லச் சொல்றது, ரெண்டு பொருளுக்கு என்ன ஒத்துமைன்னு கேக்குறதுன்னு பாதி விளையாட்டு மாதிரிதான் இருக்கும். அதுக்கப்புறம்தான் வாசிக்கச் சொல்லுவோம், சொல்வதெழுதச் சொல்லுவோம். எத்தனை தப்புங்கிறது எனக்கு ரெண்டாம்பட்சம். என்ன மாதிரி தப்புன்னுதான் பாப்பேன். ஒரு பையன் படம் போட்ட புக்குல "பறவை"ன்னு இருந்ததை "கிளி"ன்னு வாசிச்சான், கிளி படம் போட்டிருந்துச்சு. படத்தைக் கையால மறைச்சேன், "ப..."ன்னு நின்னுட்டான். மூணு வருஷமா படத்தைப் பாத்தும் பக்கத்துல இருக்கிறவன் வாயைப் பாத்துமே ஓட்டியிருக்கான், புத்திசாலிப் பையன்கிறதாலதான் அவ்வளவு நாள் ஓட்ட முடிஞ்சுது.

எழுதுறதுலயும் அப்படித்தான். "கொடு"ன்னு சொன்னா "கெடு"ன்னு எழுதுவாங்க, "காடு"ன்னும் எழுதுவாங்க. யோசிச்சுப் பாருங்க, காதுல 'க்'தான் முதல்ல கேக்குது, ஆனா கை ஒற்றைக்கொம்பைத்தான் முதல்ல போடணும், அப்புறம் க, அப்புறம் துணைக்கால். ஒரே சத்தத்துக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு. நமக்கு இது பழகிப் போச்சு, சிரமப்படுற பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் புதுசா ஏறுற படிக்கட்டு மாதிரி. டிஸ்லெக்ஸியான்னா, அதாவது வாசிக்கிறதுலயும் எழுதுறதுலயும் வர்ற கற்றல் குறைபாடுன்னா, இங்கிலீஷ்ல 'பி'யையும் 'டி'யையும் திருப்பிப் போடுறதுன்னு மட்டும் நம்மாளுங்க நினைச்சுட்டு இருக்காங்க, தமிழ்ல அது பெரும்பாலும் கொம்பு, கால், சுழியிலயும் அதைவிட முக்கியமா வாசிக்கிற வேகத்துலயும்தான் தெரியும்.

வயித்து வலி பொய்யின்னு நினைக்காதீங்க. எந்தெந்தக் கிழமை வலிக்குது, எந்த பீரியடுக்கு முன்னாடி வலிக்குதுன்னு ரெண்டு வாரம் காலண்டர்ல குறிங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தொடங்கி வெள்ளிக்கிழமை மதியம் காணாம போற வலின்னா அதை நானே பல வருஷமா பாத்துட்டு இருக்கேன். டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டிடுங்க, நான் சொன்னேன்னு விட்டுடாதீங்க.

எல்லாம் முடிஞ்சு ரிப்போர்ட் வரும். கற்றல் குறைபாடுன்னு வந்தா, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கிற 21 வகையில அதுவும் ஒண்ணு. ஆனா தனியார் சைக்காலஜிஸ்ட் ரிப்போர்ட்டை மட்டும் வச்சு பப்ளிக் எக்ஸாம்ல சலுகை கேக்க முடியாது, அரசு ஆஸ்பத்திரி மருத்துவக் குழு சர்ட்டிஃபிகேட் வேணும், அரசு வழிகாட்டுதல்படி 8 வயசு முடிஞ்சாதான் அதைக் குடுப்பாங்க. உங்க பையனுக்கு வயசு சரியாத்தான் இருக்கு. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி இல்ல மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில ஆரம்பகால இடையீட்டு மையம் இருக்கான்னு கேளுங்க, பிறந்த குழந்தையில இருந்து 18 வயசு வரைக்கும் அங்க காசில்லாம பாப்பாங்க.

சர்ட்டிஃபிகேட் வந்தா வேலை முடிஞ்சுதுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. தினம் இருபது நிமிஷம், சத்தத்தையும் எழுத்தையும் ஒண்ணா சேத்து அடியில இருந்து முறையா சொல்லிக் குடுத்தாத்தான் வாசிப்பு நகரும். சென்னையில மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் ரொம்ப வருஷமா இந்த வேலையைப் பண்றாங்க, டீச்சர்களுக்கும் பயிற்சி குடுக்குறாங்க. பக்கத்துல யாராவது ஸ்பெஷல் எஜுகேட்டர் கிடைச்சா இன்னும் வசதி.

திருப்பூர்ல இருந்து ஒரு வாசகர்: சைக்காலஜிஸ்ட், சைக்யாட்ரிஸ்ட், கவுன்சிலர், ஸ்பெஷல் எஜுகேட்டர்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. யார் யாருங்க இவங்கல்லாம்? எங்க ஸ்கூல்ல வேற விரல் ரேகை எடுத்து பிள்ளை என்ன படிக்கலாம்னு சொல்ற டெஸ்டுக்குப் பணம் கட்டச் சொல்றாங்க.

சைக்யாட்ரிஸ்ட் எம்பிபிஎஸ் முடிச்சு அதுக்கு மேல மனநல மருத்துவம் படிச்ச டாக்டர், மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் டெஸ்ட் எடுப்பார், தெரபி பண்ணுவார், அவருக்கு ஆர்சிஐன்னு சொல்ற இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு இருக்கணும், நம்பர் கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க, கோவிச்சுக்கிட்டா எழுந்து வந்துடுங்க. ஸ்பெஷல் எஜுகேட்டர் பக்கத்துல உக்காந்து பாடம் சொல்லிக் குடுக்கிறவர், அவருக்கும் அதே பதிவு உண்டு. கவுன்சிலர்ங்கிற பேரை யார் வேணா போட்டுக்கலாம், அதனால என்ன படிச்சிருக்காங்கன்னு கேளுங்க. கல்வி உளவியலாளர்னா பிள்ளை, வீடு, கிளாஸ்ரூம் மூணையும் சேத்துப் பாக்கிறவர். வெளிநாட்டுல அது தனிப் பதவி, நம்மூர்ல பெரும்பாலும் மத்த வேலையோட சேந்தே நடக்குது.

விரல் ரேகை டெஸ்ட் சுத்த ஏமாத்து. ரேகைக்கும் மூளைத் திறனுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அறிவியல்ல ஆதாரம் எதுவும் இல்ல. கண்ணைக் கட்டிக்கிட்டு புக் படிக்க வைக்கிறோம்னு ஒரு கோர்ஸ் நடத்துறாங்களே, அது மூக்கோரத்து இடைவெளி வழியா எட்டிப் பாக்கப் பழக்குற கோர்ஸ். பணத்தைக் கட்டாதீங்க.

சேலத்துல இருந்து ஒரு அப்பா: பொண்ணு ஏழாங்கிளாஸ். போன வருஷம்தான் தமிழ் மீடியத்துல இருந்து இங்கிலீஷ் மீடியத்துக்கு மாத்தினேன். மார்க் விழுந்துடுச்சு. டெஸ்ட் எடுத்தோம், வெர்பல் 72, பெர்ஃபார்மன்ஸ் 92, மொத்த ஐக்யூ 82ன்னு போட்டு "பார்டர்லைன்"னு எழுதிட்டாங்க. மூணு நாளா தூக்கம் இல்லைங்க. என் பொண்ணு மந்தமா?

இல்லைங்க. அந்த 82ஐ கொஞ்ச நேரம் மறந்துட்டு பக்கத்துல இருக்கிற ரெண்டு நம்பரைப் பாருங்க. 72க்கும் 92க்கும் நடுவுல இருபது புள்ளி இடைவெளி. வெர்பல்னா வார்த்தை, கேள்வி பதில், பொது அறிவுன்னு பாஷையால பதில் சொல்றது. பெர்ஃபார்மன்ஸ்னா கையால செய்யறது, படத்தை அடுக்கிறது, புதிரைச் சேக்கிறது. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்து 82. ஒரு காலை ஐஸ் தண்ணியிலயும் இன்னொரு காலை வெந்நீர்லயும் வச்சிட்டு சராசரியா வெதுவெதுன்னு இருக்குன்னு சொன்ன மாதிரிதான் இது.

உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி: டெஸ்ட்டை எந்த பாஷையில எடுத்தாங்க? ரிப்போர்ட்ல எழுதியிருக்கணும், இல்லன்னா போன் போட்டுக் கேளுங்க. ஆறு வருஷம் தமிழ்ல படிச்ச பொண்ணுகிட்ட இங்கிலீஷ்ல கேள்வி கேட்டிருந்தா அந்த 72 அவளோட இங்கிலீஷை அளந்த நம்பர், புத்தியை இல்ல. தமிழ்ல கேட்டும் அதே 72ன்னா அப்போ பேச்சு மொழி, காது, வார்த்தை வளம் இதையெல்லாம் தனியா பாக்கணும், அதுவும் பயப்படுற விஷயம் இல்ல, பாக்க வேண்டிய விஷயம்.

ஐக்யூன்னா சராசரி 100ன்னு வச்சு கட்டின அளவு. மூணுல ரெண்டு பங்கு பேர் 85க்கும் 115க்கும் நடுவுல வருவாங்க. எந்த டெஸ்ட்டுக்கும் நாலஞ்சு புள்ளி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பிழை உண்டு, அன்னிக்கு சரியா தூங்கலன்னாலே குறையும். பாரிஸ்ல 1905ல ஆல்ஃப்ரெட் பினேவும் சிமோனும் இந்த மாதிரி டெஸ்ட்டை முதல்ல செஞ்சதே, ஸ்கூல்ல கூடுதல் உதவி யாருக்கு வேணும்னு கண்டுபிடிக்கத்தான். புத்திங்கிறது பிறக்கும்போதே அளந்து வச்ச சரக்கு, ஏத்தவே முடியாதுன்னு சொன்னவங்களை பினேயே கண்டிச்சு எழுதியிருக்கார். அவர் செத்து ஒரு வருஷத்துல ஜெர்மனிக்காரர் ஸ்டெர்ன் ஐக்யூங்கிற கணக்கைக் கொண்டு வந்தார், அதுல இருந்து எல்லாருக்கும் நம்பர் பைத்தியம் பிடிச்சிடுச்சு.

இன்னொரு விஷயமும் சொல்லணும், இது எனக்கு நிஜமாவே கோவம் வர்ற இடம். அறிவுசார் குறைபாடுன்னு சொல்லணும்னா ஐக்யூ கிட்டத்தட்ட 70க்குக் கீழ இருக்கணும், கூடவே சாப்பிடுறது, கடைக்குப் போறது, பழகுறதுன்னு அன்றாட விஷயத்துலயும் சிரமம் இருக்கணும். கற்றல் குறைபாட்டு சர்ட்டிஃபிகேட்டுக்கு ஐக்யூ 85க்கு மேல கேக்குறாங்க. அப்போ 70ல இருந்து 84க்குள்ள இருக்கிற, "பார்டர்லைன்"னு எழுதுறாங்களே, அந்தப் பிள்ளைங்க? ரெண்டு பக்கமும் இல்லாம நடுவுல விழுந்துடுறாங்க. சலுகையும் இல்ல, தனிப் பாடமும் இல்ல, கிளாஸ்ல "ஸ்லோ லேர்னர்"னு ஒரு பேர் மட்டும் மிச்சம். அந்தப் பிள்ளைங்களுக்கு வேண்டியது சின்னச் சின்ன படியா உடைச்ச பாடமும், ஒண்ணையே நாலு தடவை நாலு விதமா சொல்ற பொறுமையும்தான், அதுக்கு சர்ட்டிஃபிகேட் எதுக்குங்க?

பொண்ணுகிட்ட அந்த நம்பரைச் சொல்லிடாதீங்க, சொந்தக்காரங்ககிட்டயும் வேண்டாம். ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல பரிந்துரைன்னு ஒரு தலைப்பு இருக்கும், அதுல "கூடுதல் கவனம் தேவை"ன்னு ஒரு வரி மட்டும் இருந்தா திரும்பப் போய் கேளுங்க: என்ன பாடத்துல, யாரு, வாரத்துக்கு எத்தனை நாள், எப்படி? அதைச் சொல்லாத ரிப்போர்ட்டுக்கு நீங்க குடுத்த காசு வேஸ்ட்.

விழுப்புரம் பக்கத்துல இருந்து ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை: அஞ்சாம் வகுப்பு, 38 பிள்ளைங்க. ஒருத்தன் மட்டும் தினமும் யாரையாவது அடிச்சிடுறான். எங்க ஸ்கூலுக்கு எந்த சைக்காலஜிஸ்ட் வரப் போறார்? நீங்க எழுதுறதெல்லாம் டவுன் ஸ்கூலுக்குத்தான் சரி.

டீச்சர், குத்தினது சரியான இடத்துல. ஒத்துக்கிறேன். மாவட்டம் பூரா தேடினாலும் ஸ்கூலுக்குன்னு இருக்கிற உளவியலாளரை விரல் விட்டு எண்ணிடலாம். உங்க வட்டார வள மையத்துல சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பாங்க, அவங்களுக்கு பிள்ளை பேரைக் குடுங்க, மருத்துவ முகாம் நடக்கும்போது மறக்காம அனுப்புங்க.

ஆனா அதுவரைக்கும் நாங்க ஸ்கூலுக்கு வந்தா முதல்ல என்ன பண்ணுவோமோ அதை நீங்களே பண்ணலாம். கடைசி பெஞ்சுல உக்காந்து பாக்குறதுதான் எங்க முதல் வேலை. ஒரு பழைய நோட்டுல மூணு கட்டம் போடுங்க: அடிக்கிறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அவன் என்ன பண்ணான், அதுக்கப்புறம் அவனுக்கு என்ன கிடைச்சுது. நேரத்தையும் குறிங்க. ரெண்டு வாரம் போதும்.

நான் பாத்த ஒரு பையன் இதே மாதிரிதான், "தினமும் அடிக்கிறான்"னுதான் சார் சொன்னார். எழுதிப் பாத்தா தினமும் இல்ல. செவ்வாயும் வியாழனும் மட்டும், அதுவும் பதினோரு மணிக்கு அப்புறம். அன்னிக்கு ரெண்டு நாளும் வரிசையா எழுப்பி சத்தமா வாசிக்க வைப்பாராம். தன் முறை வர்றதுக்கு மூணு பேர் இருக்கும்போது பக்கத்துப் பையனை ஒரு குத்து குத்துவான், சார் "வெளியே போடா"ம்பார், போயிடுவான். அவனுக்கு வேண்டியது கிடைச்சிடுச்சு! வாசிக்க வேண்டாம். தண்டனைன்னு சார் நினைச்சது அவனுக்கு விடுதலை.

அதுக்கு அப்புறம் செஞ்சது ஒரே ஒரு விஷயம்தான். முந்தின நாளே அவன்கிட்ட தனியா போய், நாளைக்கு நீ இந்த மூணு வரிதான் வாசிக்கணும், வீட்டுல அக்காகூட பாத்துட்டு வான்னு சொல்லச் சொன்னேன். குத்து உடனே நிக்கல, குறைஞ்சுது. வாசிப்புக்கு தனியா உதவி வேண்டியிருந்துச்சு, அது வேற கதை. உங்க பையனுக்கு இதே காரணம்தான்னு சொல்ல வரல, பசியா இருக்கலாம், வீட்டுல அடி வாங்குறானா இருக்கலாம். மூணு கட்டத்தை நிரப்பினா தெரியும். வீட்டுல அடி விழுதுன்னு தெரிஞ்சா குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணத் தயங்காதீங்க.

மதுரையில இருந்து ஒரு அம்மா: ஒண்ணாங்கிளாஸ் அட்மிஷனுக்கு ஐக்யூ டெஸ்ட் ரிப்போர்ட் கேக்குறாங்க, எடுக்கலாமா?

வேண்டாம். அட்மிஷனுக்காக பிள்ளையையோ பெத்தவங்களையோ டெஸ்ட் வச்சு வடிகட்டுறது 2009 கல்வி உரிமைச் சட்டம் 13வது பிரிவுப்படி தப்பு, முதல் தடவைக்கே 25,000 ரூபா வரை அபராதம் இருக்கு. ரிப்போர்ட் வேணும்ங்கிறதை எழுத்துல தரச் சொல்லுங்க, பெரும்பாலும் எழுதித் தர மாட்டாங்க.

லண்டன் ஹாரோவுல இருந்து ஒரு அம்மா: நாங்க யாழ்ப்பாணம். மகன் இஞ்ச பிறந்தவன், இயர் டூ. வீட்டில தமிழில வாய் மூடாமல் கதைப்பான், ஸ்கூலில ரெண்டு வருஷமா ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட்டைக் கூப்பிடப் போறம் எண்டு ஸ்கூலில சொல்லுகினம். இவர் விடமாட்டன் எண்டுறார், ஓட்டிசம் எண்டு முத்திரை குத்திப் போடுவினமாம். வீட்டில தமிழ் கதைக்கிறதை நிப்பாட்டட்டோ எண்டும் யோசிக்கிறன்.

தமிழை நிப்பாட்டாதீங்க, தயவுசெஞ்சு. அவன் பேசுற ஒரே இடத்தையும் மூடிடுற மாதிரி ஆயிடும். வீட்டு மொழி நல்லா இருக்கிற பிள்ளைக்கு ரெண்டாவது மொழி வர்றதுக்கு அதுவே கை குடுக்கும்.

புது மொழிக்குள்ள வர்ற பிள்ளைங்க கொஞ்ச மாசம் வாயே திறக்காம கேட்டுக்கிட்டே இருக்கிறது சகஜம். ரெண்டு வருஷம்னா அது வேற. ஒரு இடத்துல சரளமா பேசிட்டு இன்னொரு இடத்துல தொண்டை அடைச்ச மாதிரி நின்னுடுறதை செலக்டிவ் மியூட்டிசம்னு சொல்லுவாங்க. அது பிடிவாதம் கிடையாது, பயம். "ஹலோ சொன்னா சாக்லேட்"ங்கிற பேரமெல்லாம் அதை இன்னும் இறுக்கும்.

அங்க எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட்ங்கிறது பழைய வேலை, லண்டன் கவுண்டி கவுன்சில் 1913லயே சிரில் பர்ட்ங்கிற உளவியலாளரை நியமிச்சுது. இப்போ அந்தப் பேரைப் போட்டுக்கணும்னா எச்சிபிசிங்கிற பதிவுக் கவுன்சில்ல பதிவு வேணும், புதுசா வர்றவங்க டாக்டரேட் வரைக்கும் படிக்கணும். ஓட்டிசம், அதாவது ஆட்டிசம்னு முடிவு பண்றது பொதுவா அவங்க வேலை இல்ல, அதுக்கு என்எச்எஸ்ங்கிற அரசு மருத்துவ சேவையில தனி டீம். உங்க வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொல்லுங்க. இவங்க வந்து கிளாஸ்ல பாப்பாங்க, உங்ககிட்ட பேசுவாங்க, டீச்சருக்கு என்ன செய்யணும்னு எழுதிக் குடுப்பாங்க. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்னு முன்கூட்டியே கேளுங்க, உறவுக்காரப் பிள்ளையை வச்சு சமாளிக்க வேண்டாம். வீட்டுல அவன் தமிழ்ல கதைக்கிற வீடியோ ரெண்டு எடுத்து வச்சுக்கங்க, அவங்களுக்கு அது தங்கம் மாதிரி.

அவங்க சொல்லக்கூடிய ஒரு வழி இது: ஸ்கூல் விட்ட பிறகு காலியான கிளாஸ்ரூம்ல நீங்களும் அவனும் மட்டும் உக்காந்து தமிழ்லயே விளையாடுவீங்க. சில நாள் கழிச்சு டீச்சர் வாசல்ல வேற வேலை பாத்துட்டு நிப்பாங்க, அவனைப் பாக்க மாட்டாங்க. அப்புறம் உள்ள ஒரு மேஜை. அப்புறம் பக்கத்து நாற்காலி. அவன் குரல் நிக்கிற இடத்துல ஒரு படி பின்னாடி போவாங்க. வாரக்கணக்குல ஆகும், சில பேருக்கு மாசக்கணக்குல.

ஸ்கூல் இழுத்தடிச்சா, இங்கிலாந்துல இப்போ இருக்கிற சட்டப்படி பெத்தவங்களே நேரா லோக்கல் அத்தாரிட்டிக்கு, அதாவது உங்க ஏரியா கவுன்சிலுக்கு எழுதி இஎச்சி (கல்வி, உடல்நலம், பராமரிப்பு) அசெஸ்மெண்ட் கேக்கலாம். ஆறு வாரத்துல ஆமா இல்லன்னு சொல்லணும், பிளான் குடுக்கிறதா இருந்தா மொத்தம் இருபது வாரத்துக்குள்ள முடிக்கணும், அதுல எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட்டோட கருத்தைக் கட்டாயம் வாங்கணும். மறுத்தா அப்பீல் பண்ண ட்ரிப்யூனல் இருக்கு. சைக்காலஜிஸ்ட் தட்டுப்பாடு அங்கயும் இருக்கு, இருபது வாரம் நிறைய இடத்துல ஏட்டோட நின்னுடுது, அதனால தேதி போட்டு ஈமெயில்லயே எழுதுங்க.

நாமக்கல்ல இருந்து ஒரு பிளஸ் டூ மாணவி: மேம், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிக்கிறேன். வீட்டுல ஒப்பிச்சா வருது. எக்ஸாம் ஹால்ல கொஸ்டின் பேப்பரைப் பாத்ததும் எல்லாம் வெள்ளையாயிடுது, கை வேர்த்து பேனா வழுக்குது. ஸ்கூல் கவுன்சிலர்கிட்ட சொன்னா அப்பாகிட்ட சொல்லிடுவாங்களா?

உன்னை நீன்னே கூப்பிடுறேன்மா. முதல்ல கடைசிக் கேள்வி. நீ சொல்றதை சும்மா எடுத்துட்டுப் போய் அப்பாகிட்ட சொல்ல மாட்டாங்க, சொல்லக் கூடாது. உன் உயிருக்கோ வேற ஒருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா, இல்ல யாராவது உன்கிட்ட தப்பா நடந்துக்கிட்டாங்கன்னா, அப்போ மட்டும் அவங்க சும்மா இருக்க முடியாது, சட்டமே விடாது. உள்ள போனதும் "நான் சொல்றதுல எதை வெளிய சொல்லுவீங்க"ன்னு நேராவே கேளு.

வெள்ளையாகிறது மறதி இல்ல. பயம் வந்தா மூளை அந்தப் பயத்தைக் கவனிக்கிறதுலயே பாதி இடத்தைச் செலவு பண்ணிடும், படிச்சது உள்ளதான் இருக்கும், எடுக்க இடம் இருக்காது. கொஸ்டின் படிக்கக் குடுக்கிற நேரத்துல மூச்சை இழுக்கிறதை விட விடுறதை மெதுவா நீட்டி ஒரு பத்து தடவை விடு. எழுத ஆரம்பிச்சா உனக்கு நல்லா தெரிஞ்ச ரெண்டு மார்க் கேள்வியை முதல்ல எழுது, முதல் பக்கத்துலயே பெரிய கேள்வியோட மல்லுக்கட்டாத.

அதைவிட முக்கியம் நீ படிக்கிற விதம். வீட்டுல ஒப்பிக்கும்போது புக் மடியில இருக்கு, அம்மா முதல் வார்த்தையை எடுத்துக் குடுக்கிறாங்க. ஹால்ல யாரு எடுத்துக் குடுப்பா? ஒரு பாடம் படிச்சதும் புக்கை அடுத்த ரூம்ல வச்சிட்டு வெள்ளைப் பேப்பர்ல எழுதிப் பாரு, பாதிதான் வரும், பரவால்ல, மீதியைப் பாத்துட்டு ரெண்டு நாள் கழிச்சு மறுபடி எழுது. வாரத்துக்கு ஒரு நாள் மணி வச்சு முழு பேப்பர் எழுது, ஃபேன் சத்தம், பெஞ்சு, ஹால் டிக்கெட் எல்லாம் அப்படியே. பயத்துக்கு அந்த இடம் பழகணும். ரெண்டு மணி வரைக்கும் முழிக்கிறதை விட்டுட்டு பதினோரு மணிக்குப் படு, படிச்சது பதியறதே தூக்கத்துலதான்.

ராத்திரி தனியா ரொம்பக் கஷ்டமா இருந்தா 14416க்கு போன் பண்ணு, டெலி மானஸ்ங்கிற மனநல உதவி லைன், அரசாங்கத்தோடது, 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது. அப்பாவுக்குத் தெரிஞ்சிடுமோன்னு கேட்டிருக்க, ஆனா ஏன் தெரியக் கூடாதுன்னு எழுதல. அதை அந்தக் கவுன்சிலர்கிட்ட சொல்லு, இல்ல எனக்கு எழுது, இந்தப் பக்கத்துல போட மாட்டேன். போறப்போ உன் ரஃப் நோட்டையும் எடுத்துட்டுப் போ.